ஏழு போனுக்குப் போன கோடு

எங்கள் சபையின் வங்கிக் கணக்கைத் திறக்கவோ, அதிலிருந்து பணம் அனுப்பவோ வேண்டுமென்றால் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் வரும். எங்கள் ஊரில் அதைக் கோடு என்போம். ஊர் உலகத்தில் எல்லாக் கணக்குக்கும் அது ஒருவர் போனுக்கு வரும். எங்கள் கணக்குக்கு ஏழு பேர் போனுக்கு வந்தது. கடவுச்சொல்லைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. இந்த லட்சணத்தில் கணக்கு வைத்திருந்துவிட்டு, பணம் போனதும் ‘ஜெபகனி அம்மாளின் கவனக்குறைவு’ என்று சபை நடுவில் வாசித்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஜெபகனி நான்தான். முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மின்வாரியத்தில் கட்டணக் கவுண்டரில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஒரு நாள்கூடப் பெட்டியில் காசு குறைந்ததில்லை. போன வருடம் கோயில் கமிட்டித் தேர்தலில் நின்று பொருளாளர் ஆனேன். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அந்தக் கோயிலின் நூற்றுச் சொச்சம் வருடச் சரித்திரத்தில் முதல் பெண் பொருளாளர் நான்தான் என்று மாலை போட்டு, படம் பிடித்து, கைதட்டினார்கள். அடுத்த வாரமே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு முன்னால் பொருளாளராக இருந்தவர் பதினாறு வருடம் ரசீதுப் புத்தகத்தைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் கேட்கவில்லை. நான் வந்து ஒழுங்காக வங்கிக் கணக்கை இணையத்துக்கு மாற்றி, சபையார் காணிக்கையை வீட்டிலிருந்தே போனில் அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தவுடன் செயலர் சுவிசேஷமுத்துவுக்கு வெளிப்படைத்தன்மை ஞாபகத்துக்கு வந்தது.

“யக்கா, ஒங்க மேல சந்தேகமில்ல. ஆனா கோடு ஒங்க போனுக்கு மட்டும் வந்தா, நாளைக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லிரக் கூடாதுல்லா? கமிட்டிக்கு மொத்தமா வரட்டும். பணம் எங்க போவுதுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கலாம்” என்றார்.

“பீரோச் சாவிக்கு ஏழு நகல் எடுத்து ஏழு வீட்டுக்குக் குடுத்தா, பொறவு பீரோ எதுக்குவே?” என்று கேட்டேன். வங்கியில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது, பணம் அனுப்ப ஒருவர் போட வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோடு வரும், ஒருவர் கோடு மற்றவருக்குத் தெரியாது, அதைச் செய்வோம் என்றும் சொன்னேன். அதற்கு இரண்டு பேர் கிளைக்கு நேரில் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வெயிலில் பஸ் ஏற யாருக்கும் மனமில்லை.

“ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்லன்னா எதுக்கு பயப்படுதிய?” என்றார் சுவிசேஷமுத்து.

அதற்கு மேல் என்ன பேச? வாயைத் திறந்தால் திருடி என்று அர்த்தமாகிவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெயர் தேவசிகாமணி. உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் சார்வாள்தான். கமிட்டியில் அவருக்குக் கௌரவ ஆலோசகர் என்று ஒரு பதவி. ஆலோசனை சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் சொன்னது, “எல்லாரும் சேந்து சொல்லுதாங்க. கேட்டுக்கோ, ஜெபகனி.”

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஹெப்ரானும் கமிட்டி உறுப்பினர்தான். அவர் என் போனை வாங்கி ஏதோ ஒரு செயலியைப் போட்டார். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் அது தானாகவே மற்ற ஆறு பேர் போனுக்கும் போய்விடும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கமிட்டி வாட்ஸப் குழுவின் உச்சியில் பதிந்து வைத்தார். யாரும் எப்போதும் இருப்பைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

இது போதாதென்று அசனப் பண்டிகை வந்தது. அசனம் என்றால் ஊர் கூடிக் கோயில் வளாகத்தில் பொங்கிச் சாப்பிடுகிற விருந்து. அதற்கு வழக்கம்போல் நோட்டீஸ் அடித்தார்கள். எங்கள் பக்கத்து நோட்டீஸில் பிரசங்கியார் பெயர் சின்னதாகவும் கமிட்டிக்காரர்கள் பெயர் பெரிதாகவும் இருக்கும். பெயர், படிப்பு, பதவி, போன் நம்பர், எதுவும் விடுபடக் கூடாது. விடுபட்டால் ஒரு குடும்பமே அசனத்துக்கு வராது. நடுவில் கோயில் வங்கிக் கணக்கு எண். அந்த நோட்டீஸை ஹெப்ரான் படம் எடுத்து ஊர் ஊராக அனுப்பினார். திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

அசனத்துக்கும், ஒழுகுகிற கோயில் கூரைக்கும் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் சேர்ந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிரே இருக்கிற ஆளே பஞ்சுப் பொதியாகத் தெரிந்தார். அப்போது பைக்குள் போன் நாலைந்து தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், ஒரு எழுத்தும் புரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு, “ஏம்மா, இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு” என்றேன்.

அவள் வாசித்துவிட்டு, “அம்மா, ஒங்க கணக்குலேருந்து பணம் போயிருக்கு. மூணு தடவையா போயிருக்கு” என்றாள்.

ஏசப்பா! நாற்காலியில் இருந்தபடியே அவளைக் கொண்டு வங்கிக்குப் போன் போட்டுக் கணக்கை முடக்கச் சொன்னேன். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போட்டு, தேதி, நேரம், தொகை எல்லாம் சொல்லிப் புகார் எண் வாங்கினேன். கண் தெரியாமல், முகம் தெரியாத ஒரு பெண்ணை நம்பி, இதையெல்லாம் அரை மணி நேரத்தில் செய்தேன். அதனால் ஒரு லட்சத்துச் சொச்சத்தை வழியில் நிறுத்தி வைக்க முடிந்தது என்று பிறகு போலீஸில் சொன்னார்கள். மீதி போனது போனதுதான்.

அந்த நேரத்தில் அதே கோடு இன்னும் ஆறு போனுக்கும் போயிருக்கிறது. எதற்குப் போனது? பணம் எங்கே போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு. ஆறு பேரில் ஒருவராவது, ‘என்னக்கா, கோடு வருதே, என்ன விசயம்?’ என்று ஒரு போன் போட்டார்களா? சுவிசேஷமுத்துவிடம் கேட்டதற்கு, “அது சும்மா டொய்ங் டொய்ங்னு வருதுன்னு அப்பமே சத்தத்த நிறுத்திட்டேன் யக்கா” என்றார். கொஞ்சமாவது கூசியதா அந்த முகம்? இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் அவரே எழுந்து வாசித்தார். பொருளாளர் ஜெபகனி அம்மாளின் கவனக்குறைவால் ரகசிய எண் வெளியே போய்ச் சபைப் பணம் களவு போனது. விசாரணை முடியும் வரை அவர் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருப்பார். வெளியே போனதாம். யார் சொல்லி, எப்படிப் போனது என்று ஒரு விசாரணை கிடையாது. என் போன் நம்பரில் கணக்கு இருக்கிறது, எனவே நான்தான். முந்நூறு தலை என் பக்கம் திரும்பியது. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் என் வீட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு வேதனை, அதனால்தான் தலை நிமிரவில்லை என்று நினைத்து நான் அவருக்காக வருத்தப்பட்டேன். என்ன புத்தி எனக்கு!

அடுத்த ஆறு நாள் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தோம், அதற்கு எங்கேயிருந்து காசு வந்தது என்று ஒருத்தி குழாயடியில் கேட்டிருக்கிறாள். என் சொந்தச் சித்தி மகள் பிரிஸில்லா என்னிடமே வந்து, “யக்கா, இருவத்தொம்பது வருசம் காசு எண்ணுன கை சும்மா இருக்குமான்னு பேசிக்கிடுதாவ. நான் சண்ட போட்டுட்டு வந்தேன்” என்றாள். சண்டை போட்டாளோ, சேர்ந்து பேசினாளோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பணம் இன்று போகும், நாளை வரும். நேர்மையான கை என்று நான் இருபத்தொன்பது வருடம் சேர்த்து வைத்ததை ஒரு வாரத்தில் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டார்கள்.

ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, மரியாதையாகப் போகும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். தாளும் பேனாவும்கூட எடுத்து வைத்தார். “செய்யாத தப்புக்கு எவ எழுதுவா?” என்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி சைபர் குற்றப் பிரிவில் கூப்பிட்டார்கள். முத்துமாலை என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர், முப்பது வயதுப் பெண். நான் சொன்னதை எழுதிக்கொண்டே வந்தவள், கோடு ஏழு போனுக்குப் போகிறது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏழு பேருக்கா? யாரும்மா இந்த ரோசன சொன்னது?”

“வெளிப்படையா இருக்கணும்னு கமிட்டியில தீர்மானம் போட்டாங்கம்மா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஒங்க போன்லேருந்து ஒண்ணும் போவல. அந்த நேரத்துல ஒங்களுக்கு எந்தக் காலும் வரல. கோட்ட யாரோ வாயால சொல்லியிருக்காங்க. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. போன் கம்பெனிக்கு எழுதுதேன், பதில் வர நாளாவும். அதுக்கு முன்ன, செவ்வாக்கெழம பதினொன்ற மணிக்கு யாருக்குப் புது நம்பர்லேருந்து நீளமா போன் வந்துதுன்னு அந்த ஆறு பேரயும் பாக்கச் சொல்லுங்க.”

சனிக்கிழமை சாயந்தரம் கமிட்டி கூடியது. எங்கள் கோயில் குருவானவர், சுவிசேஷமுத்து, ஹெப்ரான், இன்னும் இரண்டு பேர், என் வீட்டுக்காரர். நான் முதலில் என் போனை மேஜையில் வைத்து, போலீஸில் சொன்னதைச் சொன்னேன். ஹெப்ரான் உடனே தன் போனை வைத்தார். குருவானவர் வைத்தார். சுவிசேஷமுத்து முனகிக்கொண்டே வைத்தார், மற்ற இரண்டு பேரும் வைத்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மேஜையில் ஆறு போன் இருந்தது.

“சார்வாள் போனு?” என்றார் ஹெப்ரான்.

“அவரு போனு எதுக்கு, விடுவே. சார்வாளப் போயி...” என்றார் சுவிசேஷமுத்து. குருவானவரும் தலையாட்டினார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என் கைப்பையைக் கொட்டிப் பார்க்கத் தயாராக இருந்தவர்கள் இவர்கள்.

என் வீட்டுக்காரர் சட்டைப்பை மேல் கையை வைத்துக்கொண்டு, “சார்ஜு இல்ல” என்றார்.

அந்தக் கையைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தேழு வருடமாகத் துவைக்கிறதுக்கு முன்னால் அந்தச் சட்டைப்பையில் கைவிட்டு எடுக்கிறவள் நான். கையை விலக்கி எடுத்தேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. செவ்வாய், பதினொன்று முப்பத்தெட்டு, பெயரில்லாத நம்பர், பத்தொன்பது நிமிஷம். அழிக்கக்கூடத் தெரியவில்லை மனுஷனுக்கு.

 பிறகு அவர் பைய ஆரம்பித்தார். வங்கித் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னானாம். நோட்டீஸைப் பார்த்தேன், தலைமையாசிரியர் ஐயாதானே என்றானாம். கோயில் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்றானாம்.

“பொருளாளர்ட்ட கேளுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“சொன்னேன். அந்தம்மாவுக்கு இதெல்லாம் வெளங்காது, வெவரமான ஆளு நீங்கதானேன்னு சொன்னான்.”

“நீங்க என்ன சொன்னிய?”

 அதற்குப் பதில் வேண்டியதே இல்லை. ஆமாம் என்று சொல்லித்தான் பத்தொன்பது நிமிஷம் பேசியிருக்கிறார். குழுவில் பதிந்திருந்த கடவுச்சொல்லையும் வாசித்திருக்கிறார், வந்த கோட்டையும் வாசித்திருக்கிறார். யாரிடமும் சொல்லாதே என்று அந்தச் செய்தியிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இவர் முப்பத்து மூன்று வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவர்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சுவிசேஷமுத்து எழுந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். “பாவம், சார்வாள நல்லா திட்டம் போட்டு ஏமாத்திட்டானுவ. படிச்சவங்களையே விட மாட்டேங்கானுவ. சரி, இது கமிட்டியோட போவட்டும். வெளிய யாரும் மூச்சு விடாதிய” என்றார். நான் செய்திருந்தால் கவனக்குறைவு. சார்வாள் செய்தால் பாவம்!

“எம் பேரு கமிட்டியோட போச்சாவே? சபை நடுவுல வாசிச்சியளே!” என்று மேஜையைத் தட்டினேன்.

“பொருளாளர் மேல தப்பில்லன்னு தெரிய வந்திருக்குன்னு நாளைக்கு வாசிச்சிருவோம்மா” என்றார் குருவானவர்.

“யாரு சொன்னதுன்னு இல்லாம அத வாசிச்சா ஊரு என்ன சொல்லும், ஐயா? புருசன் செல்வாக்குல பொண்டாட்டி தப்பிச்சிட்டான்னு சொல்லும். எந்த எடத்துல எம் பேர வாசிச்சியளோ, அதே எடத்துல அவுக பேரையும் வாசிக்கணும். அவுகளே வாசிக்கணும். இல்லன்னா போலீசுலேருந்து வந்து வாசிப்பாவ.”

அப்படியே ஹெப்ரானைப் பார்த்து, “எம் போன்ல போட்ட அந்தச் செயலிய இப்பமே எடும். கடவுச்சொல்லையும் மாத்தும். திங்கக்கெழம நீரும் நானும் பேங்குக்குப் போறோம், ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கோடு. ஒம்ம கோட்ட நான் கேக்க மாட்டேன், என் கோட்ட நீரு கேக்கக் கூடாது” என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து எடுத்தார். 

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அன்னைக்கே ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “ஒன்ன நாலு நாளு பேசுவாங்க, விட்டுருவாங்க. நான்னா அப்படியா? இத்தன வருசம் ஊருல எனக்குன்னு ஒரு மரியாத இருக்குல்லா.”

பணம் போனதில், பழி சுமந்ததில், குழாயடிப் பேச்சில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அவருக்கு மரியாதை இருக்கிறது, எனக்கு இல்லை. அதைக் கெட்ட எண்ணத்தில்கூடச் சொல்லவில்லை மனுஷன். இன்று வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார். முகத்தைக் கழுவிவிட்டு, ஒரு தாளில் என் கையாலேயே எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் குருவானவர் அவரைக் கூப்பிட்டார். அவர் முன்னே போய் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். வகுப்பெடுத்த குரல்தான், ஆனால் அன்று கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது.

“சபைக் கணக்கின் ரகசிய எண்ணை அந்நியருக்குச் சொன்னது பொருளாளர் ஜெபகனி அல்ல. சொன்னவன் நான், தேவசிகாமணி.”

வாசித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து உச்சுக்கொட்டும் சத்தம் வந்தது. “பாவம், சார்வாள்” என்று யாரோ சொன்னார்கள். அவர் படியிறங்கக் காலை எடுத்து வைத்தார்.

எங்கள் கோயிலில் சபை நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுந்து பேசியதில்லை. நான் எழுந்தேன்.

“இன்னும் ஒரு வரி இருக்கு. அதையும் வாசிச்சிட்டு எறங்குங்க.”

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பிரிஸில்லா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு படியில் நின்றபடியே தாளைத் திரும்பவும் பிரித்தார்.

“இது எனக்கு முதல் நாளே தெரியும். என் மனைவியைத் திருடி என்று நீங்கள் பேசிய ஒரு வாரமும் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.”

இந்தத் தடவை பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.